மூன்று டாலர் பாஸ், ஒரு மரப் பெஞ்சு: நியூ ஆர்லியன்ஸ் ஸ்ட்ரீட்கார்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருக்கிற நியூ ஆர்லியன்ஸில் மூன்று நாள் சுற்றியதில் செய்த செலவிலேயே உருப்படியான செலவு எது என்று கேட்டால், ஆளுக்கு மூன்று டாலர் கொடுத்து வாங்கிய ஸ்ட்ரீட்கார் (அந்த ஊர் டிராம்) டே பாஸ் என்றுதான் சொல்வேன். உருப்படாத செலவுகளும் நிறைய உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது ஹூஸ்டனில். மாயவரத்திலிருந்து அம்மா வந்திருந்தாள். மால், காஸ்ட்கோ, கோயில், மறுபடி காஸ்ட்கோ என்று பார்த்து அலுத்துப்போய், "இந்த ஊர்ல சும்மா நடந்து போய்ட்டு வர்ற மாதிரி ஒரு தெருவே கிடையாதாடா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். நியாயமான கேள்வி. மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை காலையில் அம்மா, மனைவி, நான் என்று மூன்று பேரும் கிளம்பினோம். ஐ-10ல் கிழக்கே சுமார் 350 மைல். வழியில் அட்சாஃபலாயா சதுப்புக்காட்டின் மேலேயே 18 மைல் நீளத்துக்கு ஒரு பாலம் வரும், இரண்டு பக்கமும் மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும், தூங்குகிறவர்களை எழுப்பிக் காட்டுங்கள். பேட்டன் ரூஜ் பாலத்தில் மாட்டிக்கொண்டு ஐந்தரை மணி நேர வழி எங்களுக்கு ஏழு மணி நேரம் ஆனது.

முதல் தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது, காரைக் கொண்டுபோனது. ஊரின் பழைய பகுதியான ஃப்ரெஞ்ச் குவார்ட்டரில் நாங்கள் எடுத்த ஹோட்டலின் பெயர் இங்கே வேண்டாம். புக் செய்தபோது காட்டிய வாடகை ஒன்று, கவுண்டரில் நின்றபோது வந்த கணக்கு வேறு. வசதிக் கட்டணம் என்று தினமும் ஒரு தொகை, கார் நிறுத்த ராத்திரிக்கு ஒரு தொகை, காரை எடுத்து வந்து கொடுக்கிற பையனுக்கு டிப்ஸ். "இந்தக் காசுக்கு காருக்கே தனி ரூம் போட்டிருக்கலாம்" என்றாள் அம்மா. புக் செய்யும்போதே வரி, கட்டணம் எல்லாம் சேர்த்த கடைசித் தொகையைப் பாருங்கள். விமானத்தில் வந்தால் வாடகைக் கார் எடுக்கவே எடுக்காதீர்கள். காரில்தான் வந்தாக வேண்டும் என்றால் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு ஊருக்குக் கிளம்பும்வரை அதைத் தொட வேண்டாம், உள்ளே ஒரு சார்ஜர் ஒயர்கூடக் கண்ணில் படும்படி வைக்க வேண்டாம், கண்ணாடியை உடைத்து எடுத்துப் போவது இந்த ஊரில் சகஜம்.

சரி, ஸ்ட்ரீட்காருக்கு வருவோம். டிராம் என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள், ட்ராலி என்றால் முறைக்கிறார்கள், ஊர்க்காரர்களுக்கு அது ஸ்ட்ரீட்கார்தான். பல தடங்கள் இருந்தாலும் நான் சொல்வது செயின்ட் சார்ல்ஸ் லைன். கேனால் ஸ்ட்ரீட்டில் ஏறினால், பழைய பணக்காரர்களின் தெருவான செயின்ட் சார்ல்ஸ் அவென்யூ முழுக்கப் போய், மிசிசிப்பி ஆறு வளைகிற இடத்தில் தானும் வளைந்து கேரல்டன் அவென்யூவில் திரும்பி, க்ளேபோர்ன் முனையில் முடியும். 1835ல் ஆரம்பித்த தடம். முதலில் நீராவி, அப்புறம் கோவேறு கழுதை, 1893லிருந்து கரண்ட். இன்றும் ஓடிக்கொண்டிருக்கிற ஸ்ட்ரீட்கார் தடங்களில் உலகத்திலேயே பழையது இதுதான் என்கிறார்கள். நம் சென்னையில் மின்சார டிராம் வந்தது 1895ல், வெறும் இரண்டு வருஷ வித்தியாசம். நம்முடையதை 1953ல் மூடிவிட்டோம். தாத்தா மெட்ராஸில் வேலை பார்த்தபோது டிராமில் போவார் என்று அம்மா சின்ன வயதில் கேட்ட கதை இருக்கிறது, அதனால் பச்சை வண்டி மணி அடித்துக்கொண்டு வந்து நின்றதும் "இதுலதான் அப்பா போயிருப்பாங்க போல" என்று சொல்லி ஒரு நிமிஷம் ஏறாமலே நின்றுவிட்டாள். பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

வண்டி எப்படி இருக்கும் என்றால், 1923, 24ல் பெர்லி தாமஸ் கம்பெனி செய்து கொடுத்தவை, நூறு வயது தாண்டியவை. மர இருக்கை, பித்தளைப் பிடி, கையால் தள்ளித் திறக்கிற ஜன்னல், கூரையில் மூடியில்லாத குண்டு பல்புகள். இறங்க வேண்டுமென்றால் ஜன்னல் மேலே ஓடுகிற கயிற்றை இழுக்க வேண்டும். ஏசி கிடையாது, மார்ச்சில் அது வரம், ஜூலையில் சாபமாகத்தான் இருக்கும். வேகம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. சாலை நடுவில் புல் வளர்ந்த அகலமான திட்டில் தண்டவாளம் ஓடுகிறது, அந்தத் திட்டிலேயே ஊர்க்காரர்கள் காலையில் ஓடுகிறார்கள், வண்டி மணி அடித்தால் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்தத் திட்டுக்கு இங்கே நியூட்ரல் கிரவுண்ட் என்று பெயர். 1803ல் அமெரிக்கா இந்த ஊரை ஃப்ரான்ஸிடம் வாங்கிய பிறகு வந்து குடியேறிய ஆங்கிலம் பேசுகிறவர்கள் கேனால் ஸ்ட்ரீட்டுக்கு ஒரு பக்கம், பழைய ஃப்ரெஞ்சு, ஸ்பானிஷ் வழிக் கிரியோல்கள் மறுபக்கம், இரண்டு பேருக்கும் ஆகாது, நடுவில் இருந்த திட்டு யாருக்கும் சொந்தமில்லாத இடம். அப்படி வந்த பெயர் இன்றைக்கு ஊர் முழுக்க எல்லாச் சாலைத் திட்டுக்கும் ஒட்டிக்கொண்டது.

வலது பக்க ஜன்னலா இடது பக்கமா என்று யோசிக்க வேண்டாம், இரண்டு பக்கமும் ஓக் மரங்கள் கிளை நீட்டிப் பந்தல் போட்டிருக்கின்றன, இரண்டு பக்கமும் வெள்ளைத் தூண் வைத்த மாளிகைகள். மர்டி க்ரா என்கிற ஊர்த் திருவிழாவின் ஊர்வலத்தில் வீசின பாசிமணி மாலைகள் மரக்கிளையிலும் மின்கம்பியிலும் சிக்கி வருஷம் பூராவும் ஊதா, பச்சை, தங்கக் கலரில் தொங்குகின்றன. வழியில் குறுக்கே வரும் தெருக்களுக்கு கிரேக்கக் கலைத் தேவதைகள் ஒன்பது பேரின் பெயர். ஆனால் உச்சரிப்பு எல்லாம் ஊர் வழக்கம்தான், கலாயபி என்று நாம் படித்ததை இவர்கள் கேலியோப் என்கிறார்கள். ஃப்ரெஞ்ச் குவார்ட்டரில் சார்ட்ர் என்று ஃப்ரெஞ்சில் படிக்கிற தெரு சார்ட்டர்ஸ், பர்கண்டி தெருவில் அழுத்தம் நடு எழுத்தில். திருவல்லிக்கேணி ட்ரிப்ளிகேன் ஆன ஊரிலிருந்து வந்த நமக்கு இதெல்லாம் ஆச்சரியமா என்ன.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசி ஸ்டாப். வண்டி திரும்புவதற்கு வட்டம் எதுவும் கிடையாது, வந்த வண்டி அப்படியே பின்னோக்கி கிளம்ப வேண்டும். பெண் டிரைவர் கீழே இறங்கிப் பின்பக்கக் கயிற்றைப் பிடித்து மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த நீளத் தடியை இழுத்துப் பூட்டினார், அந்தப் பக்கம் போய் இன்னொரு தடியை விடுவித்துக் கம்பியில் பொருத்தினார். அப்புறம் உள்ளே வந்து நடுவழியில் நடந்தபடியே இரண்டு கையாலும் இருக்கைகளின் முதுகுப் பலகைகளை ஒவ்வொன்றாக எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே போனார். டக், டக், டக். பத்து விநாடியில் வண்டி முழுக்கத் திசை மாறிவிட்டது. திரும்பவும் ஏறி உட்காரும்போது ஒரே ஒரு பலகை விடுபட்டிருந்தது, அம்மா அதைத் தானே தள்ளிவிட்டு ஏதோ ரயிலையே திருப்பிய மாதிரி ஒரு பார்வை பார்த்தாள்.

இந்த இருக்கைகளுக்கு இன்னொரு கதை உண்டு. 1958 வரைக்கும் இதே ஊர் வண்டிகளில் இருக்கையின் முதுகில் ஒரு பலகையை மாட்டிவைத்திருப்பார்கள், கறுப்பர்கள் அதற்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். முன்னால் வெள்ளைக்காரர் நிறைய ஏறினால் பலகையைக் கழற்றி இன்னும் பின்னால் தள்ளிவிடலாம். இதை நான் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நம்ம ஊர் டீக்கடையில தனி டம்ளர் இருந்துச்சே, நானே பாத்திருக்கேன்" என்றாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாஸ் விவரம். ஒரு தடவை ஏற ஒன்றே கால் டாலர், வண்டியில் சில்லறை தர மாட்டார்கள், சரியாக எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். டே பாஸ் மூன்று டாலர், லெ பாஸ் என்ற ஆப்பில் போனிலேயே வாங்கிவிடலாம், பஸ்ஸுக்கும் செல்லும். நடுவில் இறங்கி, சுற்றிவிட்டு, மறுபடி ஏறி, இப்படி ஒரு நாளில் ஆறு ஏழு தடவை ஏறினோம். ஸ்டாப் என்றால் ஷெல்டர் எல்லாம் இல்லை, கம்பத்தில் ஒரு சின்ன மஞ்சள் போர்டு அவ்வளவுதான். காலை ஒன்பதுக்கு முன் கேனால் முனையிலேயே ஏறினால் ஜன்னல் சீட் கிடைக்கும், மதியத்துக்கு மேல் நின்றுகொண்டுதான் வர வேண்டியிருக்கும். முக்கியமான ஒன்று, பச்சை வண்டியின் படிகள் உயரம், சக்கர நாற்காலி ஏறாது. முழங்கால் வலிக்கிற பெற்றோரைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் ஏறும்போது இறங்கும்போது ஒருவர் கீழே நிற்க வேண்டும். கேனால் ஸ்ட்ரீட் லைனில் ஓடுகிற சிவப்பு வண்டிகள் புதியவை, அவற்றில் ஏசியும் உண்டு, நாற்காலி ஏற்றும் வசதியும் உண்டு. ஆனால் 2005ல் கத்ரீனா புயலில் கரை உடைந்து ஊரில் 80 சதவீதம் மூழ்கியபோது அந்தப் புது சிவப்பு வண்டிகள் ஷெட்டோடு தண்ணீரில் நாசமாயின, மேட்டில் நின்ற கிழட்டுப் பச்சை வண்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிவப்பு வண்டிகளைச் சரிசெய்கிற வரைக்கும் கேனால் ஸ்ட்ரீட்டிலும் பச்சைதான் ஓடியது. செயின்ட் சார்ல்ஸ் கம்பிகள் அறுந்துபோனதால் அதன் முழுத் தடமும் திரும்ப ஓட 2008 ஆகிவிட்டது.

மர்டி க்ரா சமயத்தில் மட்டும் இந்தத் தடத்தை நம்பாதீர்கள், ஊர்வலமே செயின்ட் சார்ல்ஸில்தான் போகும், அந்த நேரத்தில் வண்டி பாதியில் நின்றுவிடும்.

ஊர்வலம் இல்லாத நாளில் வாஷிங்டன் அவென்யூவில் இறங்கி கார்டன் டிஸ்ட்ரிக்டில் ஒரு மணி நேரம் நடக்கலாம். குனிந்து பார்த்து நடக்க வேண்டும், ஓக் வேர் நடைபாதையின் கல்லையெல்லாம் பெயர்த்து வைத்திருக்கிறது, செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். இன்னும் மேலே போனால் ஆடுபன் பார்க், பாசி தொங்குகிற மரங்களுக்குக் கீழே பெஞ்சு, டிக்கெட் இல்லை. நாங்கள் கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை அங்கேதான் பிரித்தோம்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அம்மா சைவம். இந்த ஊரில் சைவம் என்றால் கொஞ்சம் திண்டாட்டம்தான். கம்போ என்ற அவர்கள் குழம்பின் பெயரே ஆப்பிரிக்க மொழியில் வெண்டைக்காயைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்ததாம். மாவை எண்ணெயில் பழுப்பேறும்வரை வறுத்து, வெங்காயம், செலரி, குடைமிளகாய் வதக்கி, வெண்டைக்காய் போட்டுக் கொதிக்கவிட்டுச் சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுவது. கேட்கும்போதே நம் வீட்டு வாசனை அடிக்கிறது அல்லவா? அதிலேயே நண்டு, இறால், சாஸேஜ், கோழி எல்லாம் கிடக்கும். ஓர் உணவகத்தில் சைவ கம்போ இருக்கிறது என்று மெனுவிலேயே போட்டிருந்தது. அம்மா இரண்டாவது ஸ்பூனில் நிறுத்திவிட்டு "என்னமோ ஒரு வாடை" என்றாள். கூப்பிட்டுக் கேட்டால், காய்கறிதான், ஆனால் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்தது என்று சிரித்த முகத்தோடு பதில். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அம்மாவுக்கு அன்றைக்கு ராத்திரி வாழைப்பழம்தான். ஆகவே வெஜிடேரியன் என்று சொன்னால் போதாது. ஸ்டாக் எது, பன்றிக் கொழுப்பு சேர்த்ததா, மேலே ஹாம் தூவுவீர்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள். திங்கட்கிழமைகளில் ஊர் முழுக்கச் செய்கிற சிவப்பு பீன்ஸ் சோறு பார்க்க ராஜ்மா மாதிரியே இருக்கும், அதிலும் பெரும்பாலும் பன்றி உண்டு. திங்கள் துணி துவைக்கிற நாள், பீன்ஸை அடுப்பில் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று வந்த பழக்கமாம். வறுத்த வெண்டைக்காய், பச்சைத் தக்காளி வறுவல், சோள ரொட்டி இவையெல்லாம் சமாளிக்க உதவும். மேகசின் ஸ்ட்ரீட்டில் சாஃப்ரன் நோலா என்ற இந்திய உணவகமும் இருக்கிறது.

அசைவக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. மார்ச் முதல் மே வரை க்ராஃபிஷ் என்ற இறால் மாதிரியான நன்னீர்ப் பிராணி உச்சத்தில் இருக்கும், மசாலாவில் வேகவைத்து மேஜையில் அப்படியே கொட்டுவார்கள், கையால் தலையைத் திருகிச் சாப்பிட வேண்டும். நானும் மனைவியும் அம்மாவை ஹோட்டலில் தூங்கவிட்டுவிட்டுப் போய் முடித்துவிட்டு வந்தோம். அப்புறம் போபாய் சாண்ட்விச். இதுவும் ஸ்ட்ரீட்காரோடு சேர்ந்த கதைதான். 1929ல் ஸ்ட்ரீட்கார் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்பு அதே வண்டிகளில் கண்டக்டராக இருந்து பிறகு கடை வைத்த மார்ட்டின் சகோதரர்கள், போராட்டம் முடியும்வரை உங்களுக்குச் சாப்பாடு இலவசம் என்று சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு ஆளாகக் கடைக்கு வரும்போது இதோ இன்னொரு பாவப்பட்ட பையன் வருகிறான் என்று உள்ளே குரல் கொடுப்பார்களாம், அந்த புவர் பாய்தான் போபாய். வறுத்த இறால் வைத்தது வாங்கினால் ஒன்றே இரண்டு பேருக்குக் காணும். 'ட்ரெஸ்டு' என்று சொன்னால் லெட்டூஸ், தக்காளி, வெள்ளரி ஊறுகாய், மயோனைஸ் வைத்துத் தருவார்கள்.

காபிக்கு வருகிறேன். டிகேட்டர் ஸ்ட்ரீட்டில் 1862லிருந்து இருக்கிற கஃபே டு மோண்ட். பச்சை வெள்ளைக் கோடு போட்ட பந்தலுக்குக் கீழே சின்னச் சின்ன மேஜைகள். யாராவது வந்து உட்காரவைப்பார்கள் என்று நிற்கக் கூடாது, காலியாக இருக்கிற மேஜையில் போய் உட்கார வேண்டும், முந்தின ஆளின் சர்க்கரையும் தட்டும் அப்படியே கிடந்தாலும் உட்கார வேண்டும், பிறகு வந்து துடைப்பார்கள். பீன்யே என்பது சதுரமாகப் பொரித்த மெத்தென்ற பணியாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தட்டுக்கு மூன்று, மேலே மலை மாதிரி மாவுச் சர்க்கரை. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், வாயில் வைக்கும்போது சிரிக்காதீர்கள், மூச்சை இழுத்தால் இருமல், விட்டால் எதிரில் இருப்பவர் மேல் விபூதி அபிஷேகம். நான் செய்தேன், மனைவி இன்னும் மறக்கவில்லை.

அந்தக் காபி சிக்கரி கலந்தது. பாதி காபி, பாதி சூடான பால். ஃப்ரெஞ்சுக்காரர்களின் பழக்கம், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குக்காரர்கள் துறைமுகத்தை அடைத்துக் காபிக்கொட்டை வராமல் போனபோது சிக்கரி போட்டு ஒப்பேற்றியதில் இன்னும் ஊறிவிட்டது. அமெரிக்காவுக்கு வந்து இரண்டு மாதமாகக் கடைக் காபி எதையும் அம்மா தொடவில்லை, கஷாயம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். இங்கே ஒரு வாய் குடித்தாள். கப்பைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்து இன்னொரு வாய். "அறுபது நாப்பது" என்றாள். எனக்குப் புரியவில்லை. "கொட்டை அறுபது, சிக்கரி நாப்பது. நம்ம பெரிய கடைத்தெருவுல எழுபது முப்பதுதான் வாங்குவேன், ஆனா பரவால்ல, வாய்க்கு நல்லாருக்கு." அந்த மூன்று நாளில் நான்கு தடவை போனோம். காலையில் திறந்த உடனே போனால் கூட்டம் இல்லை, பத்து மணிக்கு வரிசை தெருவில் நிற்கும். கிறிஸ்துமஸ் அன்றைக்கும், பக்கத்தில் புயல் வந்தாலும் மட்டும்தான் மூடுவார்களாம்.

பக்கத்திலேயே ஃப்ரெஞ்ச் மார்க்கெட். ப்ராலீன் என்று பீக்கன் பருப்பைச் சர்க்கரைப் பாகில் போட்டு வட்டமாக ஊற்றிய மிட்டாய், கடலை மிட்டாயின் பணக்காரச் சித்தப்பா. அரை டஜன் வாங்கினோம், விற்ற பெண் ஏழாவது ஒன்றைத் தாளில் சுற்றிப் போட்டு "லான்யாப்" என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அம்மாவிடம் சொல்ல ஆரம்பிப்பதற்குள்ளேயே "கொசுறுதானே?" என்றாள். கொசுறேதான்.

ஃப்ரெஞ்ச் குவார்ட்டர் என்று பெயரே தவிர, 1788லும் 1794லும் இரண்டு பெரிய தீயில் ஃப்ரெஞ்சுக்காரர்கள் கட்டியதில் பெரும்பகுதி போய்விட்டது, அப்போது ஊர் ஸ்பெயின் கையில் இருந்தது, திரும்பக் கட்டியதெல்லாம் ஸ்பானிஷ் பாணி, உள்ளே முற்றம், வெளியே பால்கனி. இருந்தாலும் பாண்டிச்சேரியைப் பார்த்தவர்களுக்கு நேர்கோட்டுத் தெருவும் சுவர்க் கலரும் பழகிய மாதிரி இருக்கும். அது வெறும் பிரமையும் இல்லை, 1719லிருந்து 1731 வரை லூசியானாவையும் புதுச்சேரியையும் ஒரே ஃப்ரெஞ்சுக் கம்பெனிதான் நடத்தியது. ஜாக்சன் ஸ்கொயரில் படம் வரைகிறவர்கள், ஜோசியம் பார்க்கிறவர்கள், டியூபா ஊதுகிறவர்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பார்கள், அம்மா கைரேகைக்காரப் பெண்ணைத் தாண்டிப் போகும்போது சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

போர்பன் ஸ்ட்ரீட்டைப் பகலில் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு விட்டுவிடலாம். பிளாஸ்டிக் கப்பில் சாராயத்தை வைத்துக்கொண்டு தெருவில் குடித்தபடியே நடப்பது இங்கே சட்டப்படி சரி, ராத்திரி அந்தத் தெரு எப்படி இருக்கும், எப்படி நாறும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கேதான் நான் ஏமாந்தேன். ஒருவர் வந்து, உங்கள் ஷூவை எந்த ஊரில், எந்தத் தெருவில் வாங்கினீர்கள் என்று சொல்லிவிடுவேன், சொன்னால் இருபது டாலர் என்றார். எப்படிச் சொல்ல முடியும் என்ற திமிரில் சரி என்றேன். "உன் ஷூ உன் காலில், நியூ ஆர்லியன்ஸில், போர்பன் தெருவில்" என்றார். ஆங்கிலத்தில் வாங்கியதற்கும் வைத்திருப்பதற்கும் ஒரே வார்த்தை. பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே வந்து நின்றதால் கொடுத்துவிட்டு வந்தேன். இது அந்த ஊரின் பழைய வித்தையாம், எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. யாராவது உங்கள் ஷூவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால் நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள்.

பாட்டுக்கு இரண்டு இடம். ஒன்று பிரிசர்வேஷன் ஹால், 1961ல் தொடங்கியது, பழைய ஜாஸை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிற ஒரு சின்ன, மங்கலான அறை. முக்கால் மணி நேர நிகழ்ச்சி, சாராயம் விற்பதில்லை, குழந்தைகளையும் அழைத்துப் போகலாம், வாசிக்கும்போது போனில் படம் எடுக்கக் கூடாது. பெஞ்சு கொஞ்சம்தான், பாக்கிப் பேர் தரையில் அல்லது நின்றுகொண்டு, ஆகவே வயதானவர்களுக்கு உட்காரும் டிக்கெட்டாகப் பார்த்து ஆன்லைனில் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். இன்னொன்று ஃப்ரெஞ்ச்மென் ஸ்ட்ரீட், ஃப்ரெஞ்ச் குவார்ட்டரை ஒட்டிய மாரினி பகுதியில். கதவுக்குக் கதவு ஒரு கிளப், பல இடத்தில் உள்ளே போகக் கட்டணம் இல்லை, ஆனால் ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும், பக்கெட் சுற்றி வரும்போது வாசிக்கிறவர்களுக்குக் காசு போட வேண்டும், ஒரு டாலர் நோட்டுகள் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா கிளப் எதற்குள்ளும் வர மாட்டேன் என்றுவிட்டாள். முக்கில் பையன்கள் எட்டுப் பேர் ட்ரம்பெட், ட்ராம்போன், பெரிய டிரம் வைத்துக்கொண்டு வெளுத்துக் கட்டினார்கள், ஒரு கடைப் படியில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் கேட்டாள். இந்த ஊரில் ஆள் செத்தால் கல்லறை வரைக்கும் சோகமாக வாசித்துவிட்டுத் திரும்பும்போது ஆடிக்கொண்டே வருவார்கள் என்று சொன்னேன். "கல்யாணச் சாவு" என்றாள், வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செயின்ட் லூயிஸ் முதலாம் எண் கல்லறைத் தோட்டம் 1789லிருந்து இருக்கிறது, எல்லாம் தரைக்கு மேலே கட்டிய சமாதிகள், 2015லிருந்து கைடு இல்லாமல் உள்ளே விடுவதில்லை, முன்பதிவு செய்யாமல் போய் நாங்கள் வாசலோடு திரும்பினோம். கேனால் ஸ்ட்ரீட் முனையிலிருந்து ஆற்றைக் கடந்து அல்ஜியர்ஸ் பாயிண்ட் போகிற ஃபெரிக்கு இரண்டு டாலர், சாயங்காலம் திரும்பி வரும்போது தேவாலயக் கோபுரங்களோடு ஊர் முழுக்கத் தெரியும், பெரிய படகுச் சவாரிக்குக் கொடுக்கிற காசு மிச்சம். லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் காங்கோ ஸ்கொயர், அடிமைகளாக இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் கொட்டடித்து ஆடிய இடம். அதை ஒட்டிய ட்ரீமே பகுதியில்தான் 1900ஐ ஒட்டிய வருஷங்களில் ஹூக்ளியிலிருந்து துணி விற்க வந்த வங்காள முஸ்லிம் வியாபாரிகள் சிலர் குடியிருந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டு கலந்துபோனார்கள். நம் ஆட்கள் இந்த ஊருக்கு வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டாம் உலகப் போர் மியூசியம் பார்க்க ஆசையிருந்தால் அதற்கே ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கரும்புத் தோட்ட மாளிகைகளில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால், மாளிகை அழகைக் காட்டாமல் அங்கே வேலை செய்த அடிமைகளின் கதையைச் சொல்கிற விட்னிக்குப் போங்கள், ஊரிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம்.

எப்போது போவது? மார்ச், ஏப்ரல், இல்லையென்றால் அக்டோபர், நவம்பர். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் சீசன், கோடையில் சென்னை மே மாதப் புழுக்கம். மர்டி க்ராவுக்கும் ஏப்ரல் கடைசியில் நடக்கிற ஜாஸ் ஃபெஸ்டுக்கும் ஹோட்டல் வாடகை எகிறிவிடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆள் இல்லாத தெருவில் நடக்காமல் வண்டி பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரீட்காருக்கு ஐந்துக்கு நாலரை. அரை ஸ்டார் குறைத்தது அந்தப் படிகளுக்காக.

கிளம்பும்போது அம்மா ஆரஞ்சு டப்பா சிக்கரி காபித்தூள் இரண்டு வாங்கிக்கொண்டாள், ஒன்று இங்கே, ஒன்று மாயவரத்துக்கு. ஹூஸ்டன் வந்ததும் நம் பித்தளை ஃபில்டரில் போட்டுப் பார்த்தோம், அரைப்பு கொஞ்சம் பெரிசு, வெந்நீர் ஊற்றினால் நிற்காமல் இறங்கி டிகாக்ஷன் தண்ணியாகிவிடுகிறது. நீங்களும் வாங்கினால் வழக்கமாகப் போடுவதற்கு ஒன்றரை மடங்கு போட்டு, மேல் தட்டை நன்றாக அழுத்தி, தண்ணீரை மூன்று தவணையாக ஊற்றுங்கள். அம்மா இப்போது மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போடுகிறாள்.